ஓதித் தராத தண்ணீர்

திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் சாயங்கால மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் காய்ச்சல் பிடித்த குழந்தை இருக்கும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். முக்கால்வாசிப் பேர் நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் வைத்தவர்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஏதாவது ஓதி, குழந்தையின் தலையில் ஊதுவார்கள், பாட்டில் மூடியைத் திறந்து அதிலும் ஊதிவிட்டுப் போவார்கள். என்னைப் பெற்ற அத்தாவும் ஊதுவார். தோல் மண்டி வேலை என்பதால் எவ்வளவு குளித்தாலும் அவரிடம் லேசாகத் தோல் வாடை அடிக்கும். அதற்காக எந்தத் தாயும் குழந்தையைப் பின்னால் இழுத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அந்த வரிசை நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் ஓதுகிற ஆள் இல்லை. ஊருக்கு வெளியே, வேடசந்தூர் போகிற வழியில் இருக்கும் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கான கவுன்சிலர். அதற்கென்று படித்து, பயிற்சி எடுத்து, சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள். ஆனால் முக்காடு போட்ட ஒருத்தி ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அழுதுகொண்டே உள்ளே போகிற பிள்ளைகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்றால், எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் எழுதப்போவது ஒரு மாணவியைப் பற்றி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க மேடம், பேரு மட்டும் வேணாம்" என்றாள். ஆகவே இதில் யாருக்கும் பேர் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

அவள் அப்போது கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வேடசந்தூருக்கு அப்பால் ஒரு கிராமம். அப்பா கொஞ்ச நிலத்தில் சம்பங்கி போட்டிருந்தார், ஆடும் வளர்த்தார். அம்மா மில் பஸ் ஏறி நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒருநாள் வார்டன் இவள் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு பெண்ணுக்கு இவள் அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. தோழிக்கு எழுதுகிற மாதிரி அவை இல்லை. காதல் என்று யாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தன. வார்டன் போனைத் தாளாளரிடம் கொடுத்தார். தாளாளர் அவள் வீட்டுக்குப் பேசினார். எல்லாருக்கும் சொல்லி முடித்த பிறகு கடைசியாக என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் தாளாளர் பக்திமான். அவர் அறைக்குள் போனாலே ஊதுபத்தி வாசனை நம் துணியில் ஒட்டிக்கொள்ளும். என்னை வேலைக்கு எடுத்தபோதே, "சாமி பயம் உள்ள பொண்ணு, பிள்ளைங்களக் கெடுக்க மாட்டா" என்று எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னவர். அன்றைக்கும் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க மார்க்கத்துலயும் இது பாவம். எங்களுக்கும் இது ஆகாது. இந்த விஷயத்துல நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தாம்மா" என்றார்.

எத்தனையோ நல்ல காரியங்களுக்கு வராத மத நல்லிணக்கம், ஒரு சின்னப் பெண்ணை வீட்டுக்கு விரட்ட மட்டும் இப்படி ஓடோடி வருகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எனக்கு எப்போதும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அவர் திட்டம் ரொம்பச் சுலபமானது. பெற்றோர் வியாழக்கிழமை வருகிறார்கள். நான் அவர்களிடம், இது மனசில் வந்த ஒரு சீக்கு, வீட்டில் வைத்துப் பார்த்து ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டும். அவர்களே டி.சி. கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கல்லூரிக்குக் கெட்ட பெயர் வராது.

"நாங்க சொன்னா காலேஜ் வெரட்டுதுன்னு நெனைப்பாங்க. நீங்க ஒண்ணு சொன்னா போதும்" என்றார்.

"சார், சீக்கு இல்லாததைச் சீக்குன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. மாத்திக் காட்டுறேன்னு யாராவது வைத்தியம் பார்த்தா அது தப்புன்னு கோர்ட் வரைக்கும் போய்ப் பேசி முடிச்ச விஷயம். என் தொழில்ல அது துரோகம்" என்றேன்.

"தொழில் இருக்கட்டும். உங்க நம்பிக்கை என்ன சொல்லுது?"

"என் நம்பிக்கைக்கு நீங்க சம்பளம் குடுக்கல சார்."

கொஞ்சம் காரமாகத்தான் வந்துவிட்டது. அவர் மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். என் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது இல்லையா என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எனக்குள் போராட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட பயான்கள், அதாவது மார்க்கப் பிரசங்கங்கள், எனக்கு மனப்பாடம். விஷயம் இன்னது என்று சொல்லாமல் ஒருமுறை என் அக்காவிடம் பொதுவாகப் பேசியபோது, "நாளைக்கு அல்லாஹ் கேட்டா என்னடி சொல்லுவ?" என்றாள். என் கணக்கை நான் சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் கணக்கை என்னிடம் கேட்க மாட்டான் என்று பதில் சொன்னேன். வாய் சொல்லிவிட்டது, மனசுக்கு அது போதவில்லை. மதியத் தொழுகையை என் அறையிலேயே தொழுவேன். முடித்ததும் விரிப்பை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். பிள்ளைகள் வந்து உட்காரும்போது அது அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பது என் ஏற்பாடு. என் நம்பிக்கையும் என் தொழிலும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாத அண்ணியும் நாத்தனாரும் மாதிரித்தான் எனக்குள் காலம் தள்ளிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமைக்கு முன்னாலேயே அவளை வரச்சொல்லிப் பேசினேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "எனக்குப் பொண்ணுங்களத்தான் மேடம் புடிக்கும். சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தான்" என்றாள். அதற்காக அவள் அழவில்லை. படிப்பைப் பற்றிப் பேசியபோதுதான் அழுதாள். இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. இந்த வாரம் வீட்டுக்குப் போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள், மாமன் மகன் தயாராக இருக்கிறான், அடுத்த முகூர்த்தத்தில் தாலி கட்டிவிடுவார்கள் என்றாள். பட்டம் கையில் இருந்தால் எங்கேயாவது ஒரு வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்பாள். இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அவள் அப்பா அம்மாவிடம் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்தார்கள். அவளையும் என் அறைக்கு வரச்சொல்லியிருந்தேன். அப்பா அன்றைக்கு அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போக வேண்டியவர், அதை விட்டுவிட்டு வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாதான் பேசினார். என் எதிரே உட்கார்ந்ததும் ஒயர் கூடையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மேஜை மேல் வைத்து, மூடியைத் திறந்தார்.

"ஓதிக் குடுங்க பாயம்மா. எங்க ஊருல சொன்னாக, நீங்க ஓதிவிட்டா புள்ளைக மனசு தெளிஞ்சிருதாம். எம்மகளுக்கு என்னமோ காத்துக் கருப்பு அடிச்சிருச்சு. அம்புட்டும் எறங்குற மாதிரி ஓதுங்க."

எனக்கு அந்த வாசல், அந்த வரிசை, அத்தா எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்துபோயின. இந்தத் தாய் என்னை ஓதுகிறவள் என்று நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. செத்த நேரம் வெளியில் இருங்கள், மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு பேரையும் அனுப்பினேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில் என் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளைக் கேட்கத்தான் நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மேடம், ஊதிருங்க."

"என்ன சொல்ற?"

"சும்மா ஓதுற மாதிரி ஓதி ஊதிருங்க. ஆறு மாசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது, எடுத்தா பலிக்காதுன்னு சொல்லிருங்க. நம்பிருவாங்க. நான் பரீட்சை எழுதிக்கிறேன். ஒரு நிமிஷ வேலை மேடம்."

அவள் சொன்னது நடந்திருக்கும். அதுதான் கஷ்டம். ஒரே ஒரு ஊதலில் அவளுக்கு அவள் பட்டம், அவள் அம்மாவுக்கு நிம்மதி, தாளாளருக்கும் சீக்கு தீர்ந்தது என்ற சமாதானம், எனக்கும் வேலை மிச்சம். என் கண்ணெதிரே பாட்டில் திறந்தே இருந்தது.

"முடியாது" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு உங்க சாமிதான் பெருசு. நான் எக்கேடு கெட்டா என்ன" என்றாள். சுருக்கென்று தைத்தது. தாளாளர் கேட்டதை இவளும் கேட்டுவிட்டாளே என்றிருந்தது.

"ஆமா, எனக்கு என் சாமி பெருசுதான். அவன் பேரச் சொல்லி நாடகம் போட மாட்டேன். ஆனா அதுக்காக மட்டும் இல்ல. நான் ஊதுனா உனக்குச் சீக்கு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஆறு மாசம் கழிச்சு உங்கம்மா, ஓதியும் தீரலையேன்னு வருவாங்க. அப்ப உன்ன எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. எனக்குள் பேசாமல் கிடந்த அந்த இரண்டு பேரும் முதல் தடவையாக ஒரே வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள். என் தொழில் இங்கே பொய் சொல்லாதே என்றது. என் மார்க்கமும் அதையே சொன்னது. இத்தனை வருஷம் நான் இவர்களைத் தனித்தனி அறையில் வைத்துப் பராமரித்தது வீண் வேலை. எனக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

"உண்மையச் சொல்லட்டுமா? உன் சம்மதம் இருந்தாத்தான் சொல்வேன்" என்றேன். முட்டுக் கொடுத்த நாற்காலியை அவளே நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டாள்.

அவர்கள் உட்கார்ந்ததும் பாட்டில் மூடியை எடுத்து நானே மூடினேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஓதுவது இந்த அறையில் என் வேலை இல்லை, உங்கள் மகளுக்கு ஓதி இறக்க வேண்டிய எதுவும் இல்லை, அவள் மனசு பெண்கள் பக்கம் போகிற மனசு, சில பேர் அப்படித்தான் இருப்பார்கள், அது நோய் இல்லை என்று, அவர்களுக்குத் தெரிந்த வார்த்தைகளில் நிதானமாகச் சொன்னேன். அப்பா துண்டை இன்னும் சின்னதாக மடித்தார். அம்மா பாட்டிலை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நீங்க மாட்டேன்னா நாங்க பேயோட்டுற கோடாங்கிகிட்டயே போயிக்கிறோம். எந்திரிங்க, போவோம்."

கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்று திரும்பினார்.

"எந்தப் பள்ளிவாசல்ல போயி நின்னாலும் ஊதிவிடுறாக. சாதி கேக்க மாட்டாக, காசு வாங்க மாட்டாக. நீங்க மட்டும் ஏன் மாட்டேங்கிறீக?"

"காய்ச்சல்னு வந்தா ஊதலாம்மா. எங்க அத்தாவே ஊதுவாங்க. உங்க மகளுக்குக் காய்ச்சல் இல்ல. இல்லாத சீக்குக்கு அல்லாஹ் பேர்ல ஊதுனா அது பொய். அந்தப் பொய்ய நான் சொல்ல மாட்டேன்."

அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனசில் என்ன நடந்தது என்று பிறகுதான் அவரே எனக்குச் சொன்னார். ஊதிவிட்டு அனுப்புவது எனக்கு எவ்வளவு சுலபம், அதைச் செய்யாமல் ஒருத்தி மல்லுக்கு நிற்கிறாள் என்றால் அவள் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியதாம்.

"அப்ப நான் கேக்குறதுக்குச் சாமி சாட்சியாச் சொல்லுங்க" என்றார். "பேய் கீய் இல்லையா?"

"இல்ல."

"யாரும் வசியம் வெக்கலையா?"

"இல்ல."

அடுத்ததைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நைட் ஷிப்டுக்குப் போயிப் போயி, புள்ளையக் கவனிக்காம விட்டுட்டேன். அதனாலயா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்க வளர்த்ததுல ஒரு குறையும் இல்ல."

அப்போதுதான் அந்த அம்மா உடைந்து அழுதார். மகளைப் பிடித்த பேயைத் தேடுகிறார் என்று நான் நினைத்தவர், தன் மேல்தான் குற்றம் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். மகள் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பரிச்ச மட்டும் எழுதிக்கிறேம்மா" என்றாள்.

"மாறவே மாட்டாளா?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"மாற மாட்டா. மாத்தப் போனா ஒடஞ்சு போவா. விட்டா நல்லாப் படிப்பா."

வந்ததிலிருந்து வாய் திறக்காத அப்பா எழுந்து கூடைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். மடக் மடக்கென்று பாதி குடித்தார். வாயைத் துண்டில் துடைத்துக்கொண்டு மீதியை மகளிடம் நீட்டினார்.

"குடி. ஒதடு காஞ்சு கெடக்கு" என்றார்.

வெறும் தண்ணீர்தான். அவள் முழுக்கக் குடித்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், தொழில்முறைப்படி அது கூடாது என்று தெரிந்துதான்.

தாளாளர் அறையில் டி.சி. விண்ணப்பம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தே வைத்திருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு உட்காராமலே பேசினார்.

"எதுக்குய்யா இது? எம்மகளுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையாம். இங்கயே இருந்து பரிச்ச எழுதட்டும். கல்யாணப் பேச்ச நாங்க நிறுத்திக்கிறோம்."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "மேடம் என்ன சொன்னீங்க இவங்ககிட்ட?"

"நீங்கதான சார் சொன்னீங்க, நான் ஒண்ணு சொன்னா போதும்னு. சொல்லிட்டேன்."

வாழ்க்கையில் சரியான பதில் எனக்கு எப்போதும் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றும். அன்றைக்கு மட்டும் அந்த இடத்திலேயே வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கூடவே, அவள் போனையும் கொடுத்துவிடுங்கள் என்று கை நீட்டினேன். இழுப்பறையைத் திறந்து கொடுத்தார். அவள் எந்த விதியையும் மீறவில்லை, பெற்றோரும் டி.சி. கேட்கவில்லை. அவரால் வேறு ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

உடனே எல்லாம் இனித்துவிடவில்லை. அந்த அம்மா மாதக்கணக்கில் மகளிடம் சரியாகப் பேசவில்லை. என்னிடம் வந்து, "எனக்கு இது இன்னும் புடிபடல பாயம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் கோடாங்கியிடம் போகவில்லை. வாக்குக் கொடுத்தபடி கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை. அவள் பரீட்சை எழுதினாள், முதல் வகுப்பில் தேறினாள், சென்னையில் மேல்படிப்புக்கு இடமும் வாங்கினாள்.

மே மாதம் என் வேலை போய்விடும் என்றுதான் நானும் பெட்டி கட்டத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் அந்த வருடம் வழக்கத்தை விடக் கூடுதலாகப் பெண்பிள்ளைகள் சேர வந்தார்கள். ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டால், "அங்க ஒரு அம்மா இருக்காக, நல்லாப் பாத்துக்குவாக" என்றார்களாம். அட்மிஷன் என்று வந்துவிட்டால் எங்கள் தாளாளருக்குக் கொள்கை சற்று நெகிழும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. என் அறைக் கதவுக்கு நல்ல கனமான தாழ்ப்பாளும் வந்தது. நாம் ஒரே பக்கம் என்று மட்டும் அவர் அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதே இல்லை.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். தொழுகை விரிப்பை இப்போது அலமாரிக்குள் ஒளிப்பதில்லை. நாற்காலி முதுகில் மடித்துப் போட்டிருக்கிறேன், அது பாட்டுக்குக் கிடக்கிறது.

பட்டமளிப்பு விழா அன்று அவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவள் கறுப்பு அங்கியில் இருந்தாள். அம்மா மல்லிகைச் சரம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். எல்லாரும் என் அறைக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, வராந்தாவின் கோடியில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தார். பக்கத்தில் தலை குனிந்த ஒரு மாணவி. அந்தப் பெண்ணின் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் மல்லிகை கொண்டுவந்த அம்மா எட்டிப் போய் அவரை மறித்துக்கொண்டார்.

"ஆரைத் தேடி வந்தீக?"

"இங்க ஓதிவிடுற பாயம்மா இருக்காகன்னு சொன்னாக..."

"அவுக ஓத மாட்டாக. பாட்டிலப் பையில வையி தாயி" என்றார். "என்ன வேணும்னாலும் கேளு, உள்ளத உள்ளபடி சொல்லுவாக. பொய் மட்டும் சொல்ல மாட்டாக. தகிரியமாப் போ."

பாட்டில் பைக்குள் போனது. நான் கதவைத் திறந்தேன்.